கிருமி போன பிறகு

ரத்தம் எடுக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நரம்பைப் பார்த்தால் போதும்.

தென்காசியில் லேப்பும் ஸ்கேன் சென்டரும் சேர்ந்த ஒரு கட்டடத்தில் இருபத்தெட்டு வருடமாக ஊசி பிடிக்கிறேன். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்க்கடை வடை வாசனையை முகர்ந்துகொண்டு, நான் எப்போது கூப்பிடுவேன் என்று பார்த்திருந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அப்படியானால் நாம் தெரிந்தவர்கள்தான். சலிப்பு உங்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் வெறும் வயிற்றோடுதான் வந்திருப்பேன்.

இங்கே சொல்லப் போவது ஹெபடைடிஸ் சி என்ற ஒரு கிருமியைப் பற்றி. ரத்தத்தின் வழியாக வந்து ஈரலில் குடியேறி, வருடக்கணக்கில் ஒரு சத்தமும் போடாமல் இருக்கும். முன்பெல்லாம் இதற்கு வைத்தியம் கஷ்டம். இப்போது மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடுகிறது. போன பிறகு என்ன என்பதில்தான் எங்களுக்கும் உங்களுக்கும் தகராறு.

ஒரு வரி

சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு அச்சன்புதூரில் வயல். அறுபதைத் தாண்டியவர். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இளவயதில் டிராக்டர் கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்தபோது ஏற்றிய ரத்தத்தில் கிருமி வந்திருக்கலாம் என்பது டாக்டரம்மாவின் ஊகம். டாக்டரம்மா என்றால், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மதுரையிலிருந்து எங்கள் சென்டருக்கு வரும் ஈரல் டாக்டர். அண்ணாச்சி மூன்று மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டார். அது முடிந்து இன்னொரு மூன்று மாதம் காத்திருந்து கடைசிச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார். சென்னையிலிருந்து ரிசல்ட் வந்தது. கிருமி இல்லை.

டாக்டரம்மா அவரிடம் முன்பே நிறையச் சொல்லியிருந்தார். கிருமி குடியிருந்த இத்தனை வருடத்தில் ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. கிருமி போனால் அந்தத் தழும்பு மேலும் பரவாமல் நிற்கும், கொஞ்சம் ஆறவும் செய்யலாம். ஆனால் அப்படிச் சுருங்கின ஈரலில் கட்டி வரும் பயம் குறையுமே தவிர, முழுக்கப் போகாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் ஒரு ரத்தச் சோதனையும், ஆயுசுக்கும். இது பத்து வரி. ரிப்போர்ட் கவரை நீட்டும்போது நான் சொன்னது ஒரு வரி: “கிருமி சுத்தமாப் போச்சு அண்ணாச்சி, இனி இங்கன ஒங்களுக்கு ஒரு வேலையும் இல்ல.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். அன்று காலையிலிருந்து நான் கொடுத்த கவர் எதிலும் நல்ல சேதி இல்லை. ஒன்றாவது சிரித்துக்கொண்டு கொடுக்க வேண்டும் போலிருந்தது. அவருக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று இன்னும் தெரியவில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அப்போ இனிமே ஒங்க மூஞ்சியில முழிக்க வேண்டாம்லா? கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, சந்தோசத்துல சொல்லுதேன்.”

ரேஷன் கார்டு

கடையநல்லூர் ஷாகுலுக்கும் அதே கிருமிதான், அதே மாத்திரைதான். ஆனால் அவருக்கு முப்பத்திரண்டு வயது, சீக்கிரம் கண்டுபிடித்தாயிற்று, ஈரலில் தழும்பு இல்லை. டாக்டரம்மா அவரிடம் இனி ஸ்கேனுக்கு வர வேண்டாம், மறுபடி கிருமி ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சவுதிக்கு டிரைவர் வேலைக்குத் திரும்பப் போக வேண்டும். அதற்கான மெடிக்கல் சோதனைக்குப் போனவர் இரண்டாம் நாள் காலை எங்கள் கவுண்டரில் ஒரு தாளைப் போட்டார். அதில் ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று அடித்திருந்தது.

“என்ன அண்ணாச்சி, நீங்க இல்லைங்கீங்க, அவங்க இருக்குங்காங்க. யாரு பொய்யி?” என்றார். இரண்டு பேரும் பொய்யில்லை என்று விளக்கினேன். நாங்கள் பார்த்தது கிருமியை. அவர்கள் பார்த்தது அந்தக் கிருமியோடு சண்டை போட உடம்பு தயார் செய்த ஆட்களை. சண்டை முடிந்து எதிரி செத்துப்போனாலும் அந்த ஆட்கள் கலைந்து போகமாட்டார்கள், பெரும்பாலும் ஆயுசு முழுக்க ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். மெடிக்கலில் அவர்களைப் பார்த்ததுமே கிருமி இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள்.

டாக்டரம்மாவிடம் கடிதம் வாங்கி, கிருமி இல்லை என்ற எங்கள் ரிப்போர்ட்டையும் சேர்த்து ஷாகுல் கையில் கொடுத்தேன். அதை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. நல்ல ஈரலை வைத்துக்கொண்டு அந்த ஆள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகுமுன் வாசல்படியில் நின்று திரும்பி அவர் சொன்னது: “ஆளு செத்து மண்ணாயிட்டான், ரேஷன் கார்டுல மட்டும் பேரு நிக்கி. அப்படித்தான அண்ணாச்சி?”

ஈரல் வறுவல்

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரத்தில் சங்கரபாண்டி அண்ணாச்சியின் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. கிருமி போனால் கிடா வெட்டுகிறோம் என்று வீட்டில் நேர்ந்திருந்தார்கள். அழைப்பு வைக்க அவரும் அவர் மனைவி பேச்சியம்மாளும் லேப்புக்கே வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். போகாமல் இருக்க முடியவில்லை.

போன பிறகுதான் விளங்கியது, அது சாமிக்கு மட்டும் செய்கிற காரியம் இல்லை என்று. எங்கள் பக்கம் ஈரல் கெட்டுவிட்டது என்றால் குடி என்றுதான் அர்த்தம். குடிக்காத மனிதர் ஒன்றரை வருடமாக ஊரின் குசுகுசுப்பைச் சகித்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லத்தான் பந்தல் போட்டு ஊரையே கூப்பிட்டிருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, “லேப்புக்காரரே வந்திருக்காரு, பாத்துக்கிடுங்க. சுத்தமாப் போச்சுன்னு சொன்னவரு” என்றார். விருந்தாளி என்று நினைத்துப் போனேன், சாட்சியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆவணியில் ஸ்கேனுக்கு வர வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. பந்தலில் நூறு பேருக்கு நடுவே அதை எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன். இலையில் சோறு விழுந்ததும் அண்ணாச்சி தானே வந்து நின்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். “ஏலே, அந்த ஈரல் வறுவலை சாருக்கு நல்லா அள்ளி வையிலே. நம்ம ஈரலைக் காப்பாத்துனவருக்குக் கிடா ஈரலாவது குடுக்கணும்லா.”

லைசென்ஸ்

அருவிக்குப் பக்கத்தில் இருக்கிறவன் அருவியில் குளிப்பது, வீட்டுக்கு விருந்தாள் வந்தால்தான். ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் மைத்துனன் குடும்பம் வந்திறங்கியது. ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். அவர்கள் வரிசையில் நிற்க, நான் துணிகளுக்குக் காவலாக வெளியே ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் நிறமில்லாத எதையோ கலக்கிக்கொண்டிருந்தான் இசக்கி. ஆட்டோ ஓட்டுகிறவன், எங்கள் சென்டரில் சிகிச்சை முடித்தவன்தான். அவன் ஈரல் கெட்டதில் கிருமி பாதி, குடி பாதி.

“ஏலே இசக்கி, பட்டப்பகல்ல என்னலே இது?” என்றேன். பாட்டிலை மறைக்கக்கூட இல்லை. “கிருமியக் கொன்னாச்சுல்லா அண்ணாச்சி, இப்ப ஈரலு புதுசுல்லா” என்றான். ஈரல் புதுசு இல்லை, மிச்சம் இருக்கிற ஈரல் அது ஒன்றுதான், குடித்தால் அந்த மிச்சமும் போய்விடும் என்றேன். கிருமி ஒரு தடவை போனதால் இரண்டாம் தடவை வராது என்பதும் இல்லை என்றேன். துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறவன் பேச்சுக்கு எவ்வளவு மரியாதை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினான். நான் அடித்துக் கொடுத்த ரிப்போர்ட். நான்காய் மடித்து பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தான். கிருமி இல்லை என்ற வரி மேலே தெரியும்படி மடிப்பு. கீழே எங்கள் லேப் முத்திரை. அதைத் தட்டிக்காட்டிச் சொன்னான்: “போலீசு மறிச்சா வண்டி லைசென்ஸைக் காட்டுவேன், வீட்டுக்காரி மறிச்சா இதைக் காட்டுவேன்.”

ரசீது

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, நோயாளிகளைப் பார்த்து முடித்த டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டே கேட்டார், “அச்சன்புதூர் சங்கரபாண்டி ஸ்கேனுக்கு வந்தாரா?” வரவில்லை. போன மாதமே வந்திருக்க வேண்டும். “போன் பண்ணுங்க. அவர் ஈரல் இருக்கிற நிலைமைக்கு விடக்கூடாது” என்றார். நான் ரிப்போர்ட் கொடுத்த அன்று என்ன சொன்னேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

போன் போட்டேன். அண்ணாச்சி குரலில் சந்தோஷம். நாற்று நன்றாக வந்திருக்கிறது, அணைக்கட்டில் தண்ணீர் இருக்கிறது என்று எல்லாம் சொன்னார். ஸ்கேன் என்றதும் குரல் சுருங்கியது. “என்ன வேய், நீருதான இனி இங்கன வேலை இல்லன்னீரு?” என்றார். அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் வேய்க்கு இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் அது நெருங்கினவர்களும் சொல்வது, கோபக்காரர்களும் சொல்வது. எது என்று போனில் கண்டுபிடிக்க முடியாது.

டாக்டரம்மா சொல்லச் சொன்னார்கள், பத்து நிமிஷ வேலைதான், வலிக்காது என்று என்னென்னவோ சொன்னேன். ஊரறியக் கிடா வெட்டின மனிதர் மறுபடி லேப் வாசலில் வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும் என்றார். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: “சாமிக்கு நேந்ததைக் குடுத்தாச்சு வேய். இப்பப் போயி ஸ்கேன் எடுத்தா, சாமிகிட்டயே ரசீது கேட்ட மாதிரில்லா ஆயிரும்?”

நேர்ந்தது யார்

அதன் பிறகு மூன்று தடவை போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. ரிசப்ஷனில் இருக்கும் செல்வி, “விடுங்க சார், வராதவங்களுக்கு நாம என்ன செய்ய முடியும்” என்றாள். நியாயம்தான். வராதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர்களிடம் எல்லாம் வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தை பிறந்து ஒரு வாரம் கழித்து, கடைசியாக அவர் ஸ்கேன் எடுத்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம், விடுப்புப் போட்டுவிட்டு அச்சன்புதூருக்கு பஸ் ஏறினேன். இத்தனை வருடமாக ஊசி பிடித்தும், ஒரு நோயாளி வீட்டுக்கு வேலையாகப் போவது அது முதல் தடவை.

அண்ணாச்சி அறுவடை வயலில் இருந்தார். பேச்சியம்மாள் முற்றத்தில் நெல்லைக் காலால் துழாவி விட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி, கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். முழுக்கச் சொன்னேன். டாக்டரம்மா சொன்ன பத்து வரி, நான் சொன்ன ஒரு வரி, தழும்பேறின ஈரலில் என்ன வரலாம் என்பது, சின்னதாக இருக்கும்போது ஸ்கேனில் பார்த்துவிட்டால் என்ன செய்யலாம், பெரிதான பிறகு வந்தால் என்ன செய்ய முடியாது. அவர் முற்றத்து நெல்லைக் கையால் அளைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் மட்டும், “உடம்பு நல்லாத்தான அண்ணாச்சி இருக்காவ, நல்லாச் சாப்பிடுதாவளே?” என்றார். ஆரம்பத்தில் எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிடுவார்கள் என்றேன்.

சாமி விஷயத்தை நான் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். கையில் ஒட்டியிருந்த நெல் தூசியைத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் எல்லைக்கல்லைப் பற்றிப் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: “நேந்துக்கிட்டது நான்லா அண்ணாச்சி, அவுகளா நேந்தாவ? கிருமி போகணும்னுதான் கேட்டேன், போச்சு, குடுத்துட்டேன். ஈரலைப் பத்தி சாமிகிட்ட நான் இன்னும் பேச்சே எடுக்கலயே.”

சேற்றுக்கால்

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். சேற்றுக்காலோடு வாசலில் நின்று என்னைப் பார்த்ததும் முகம் போன போக்கை மறக்க முடியாது. லேப்காரன் வீடு தேடி வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எழுந்து நின்றேன். “அன்னைக்கு நான் சொன்னது தப்பு அண்ணாச்சி” என்றேன். “கிருமி போனது நெசம். இனி வேலை இல்லன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. டாக்டரம்மா சொன்னதுதான் சரி.”

இதைச் சொல்ல பஸ்ஸில் வரும்போதே நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் கோபப்படுவார், நான் தலை குனிவேன் என்று நினைத்திருந்தேன். அவர் தொட்டிக்குப் போய் ஒரு காலைக் கழுவினார், பிறகு இன்னொரு காலைக் கழுவினார். பேச்சியம்மாள் துண்டை எடுத்துக்கொடுத்து, “சனிக்கிழமை நானும் வாரேன். ஊர்ல கேட்டா எனக்குத்தான் ஸ்கேனுன்னு சொல்லிக்கிடுதேன்” என்றார். அதை அவர் எப்போது யோசித்து வைத்தாரோ தெரியாது.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, முற்றத்து நெல்லை ஒரு பிடி அள்ளி ஈரம் பார்த்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார்: “இந்த ஒரு வார்த்தைய சித்திரைக்கு முன்ன சொல்லியிருந்தீருன்னா, அந்தக் கிடாவாவது பொழச்சிருக்கும் வேய்.”

மூச்சை இழுங்க

சனிக்கிழமை வந்தார். வெறும் வயிறு. கை நீட்டினார், நரம்பு கிடைத்தது, ரத்தம் எடுத்தேன். அன்று முகத்தையும் பார்த்துத் தொலைத்தேன். பிறகு ஸ்கேன் அறைக்குள் போனார். அந்த அறைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான். உள்ளே ஸ்கேன் டாக்டர் சொல்வது எனக்குக் கேட்கும். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. இருபத்தெட்டு வருடத்தில் இந்த மூன்று சொல்லை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: ஒன்றும் இல்லை என்றால் ஈரலுக்கு நாலைந்து மூச்சு போதும்.

அன்று அதையும் தாண்டிப் போனது. இழுங்க, பிடிங்க, பிடிங்க, இன்னும் கொஞ்சம் பிடிங்க, விடுங்க. திரும்ப இழுங்க. பெஞ்சில் பேச்சியம்மாள் தடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். வரிசையில் இருந்த ஒருவருக்கு ரத்தம் எடுக்க இரண்டு இடத்தில் குத்தினேன். அப்படி நடந்து பல வருடம் ஆகிறது.

தழும்பேறின ஈரலில், ஒரு சின்ன நெல்லிக்காய் அளவில் ஒரு நிழல். டாக்டரம்மா படத்தைப் பார்த்து, மதுரைக்கு வந்து பெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும், அது என்னவாக இருந்தாலும் சின்னதாக இருக்கிறது, சின்னது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் சொன்னார். ஆனால் அதெல்லாம் பிறகு. அறையை விட்டு வரும்போதே வயிற்றில் தடவின பசையைத் துண்டால் துடைத்தபடி அண்ணாச்சி என்னிடம்தான் நேரே வந்தார். “அந்த மனுசன் ஒரே இடத்துல போட்டு இத்தனை நேரம் தேய்க்காரே, என்ன வேய் அங்கன இருக்கு?”

யாருக்குத் தெரியணும்

மதுரையில் பார்த்துவிட்டு அது புற்றுதான் என்றார்கள். ஒன்றே ஒன்று, ரத்தக்குழாய் எதையும் தொடவில்லை. அறுக்க வேண்டாம், விலா வழியே ஈரலுக்குள் ஊசி விட்டுக் கட்டியைச் சுட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கிருமி முன்பே போயிருந்ததால் மிச்ச ஈரலுக்கு இதைத் தாங்கத் தெம்பு இருக்கிறது என்றும் சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டது வீணில்லை என்று அப்போதுதான் பேச்சியம்மாளுக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குத்தான் வேலை ஓடவில்லை. ஆவணியில் வந்திருந்தால் அந்த நிழல் இருந்திருக்குமா? இருந்திருந்தால் கடுகளவா, மிளகளவா? இல்லாமலே இருந்திருந்தால், ஒன்றும் இல்லை என்று அவர் நிம்மதியாகப் போய் தையில் வராமலே இருந்திருப்பாரா? குழாய்களில் பெயர் எழுதி ஒட்டும்போது இதே நினைப்பு. ஒரு நாள் ஒரு பெண்ணின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் சங்கரபாண்டி என்று எழுதிவிட்டேன். செல்வி பார்த்துக் கிழித்துப் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்று, ரிப்போர்ட் கொடுத்த அன்று நான் சொன்ன அந்த ஒரு வரியையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். அவர் திட்டவில்லை. அன்று அவர் பார்த்து முடித்திருந்தது நாற்பது பேரை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அது தெரிஞ்சு அவருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. உங்களுக்குத்தான தெரியணும்?”

தேதி

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி கொஞ்சம் இளைத்திருந்தார். நடையில் தளர்ச்சி இல்லை. ஸ்கேன் அறைக்குள் போனார். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தடுப்புப் பக்கம் காதை வைத்தேன். சுட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்தார்கள். மற்றபடி நாலைந்து மூச்சு. புதிதாக ஒன்றும் இல்லை.

கவரைக் கொடுக்கும்போது பேச்சியம்மாள், “இப்ப முழுக்கக் குணந்தான அண்ணாச்சி?” என்றார். இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு சொல் போதும், அந்த முகம் மலர்ந்துவிடும். நாக்கைக் கட்டிக்கொண்டு, “இன்னைக்கு ஒண்ணும் இல்ல. கட்டி திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தா சின்னதுலயே பாத்திரணும். மூணு மாசத்துல திரும்பப் பாப்போம்” என்றேன். அவர் முகம் மலரவில்லை. ஆனால் தலையாட்டினார். டாக்டரம்மாவின் பத்து வரியில் நாலு வரியாவது அன்று அச்சன்புதூருக்கு பஸ் ஏறியிருக்கும்.

அண்ணாச்சிக்குத்தான் பொறுக்கவில்லை. “அப்ப அது வரைக்கும் நான் சீக்காளியா, நல்லாயிருக்கவனா? ஒண்ணைச் சொல்லும் வேய்” என்றார். எனக்குத் தெரியவில்லை, அதைத்தான் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேஜையில் இருந்த தேதிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். “செத்தா ஒரு தடவ பயம், இது மூணு மாசத்துக்கு ஒருக்க பயம். ஆனாலும் ரெண்டாவதுதான் தேவல, தேதியப் போடும்.”

இத்தனை வருடம் ஊசி பிடித்து நான் கண்ட நல்ல சேதி இவ்வளவுதான்: எங்களைத் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.